பூட்டுப் பிடி

சண்முகக்கனிக்கு வயது முப்பத்து நான்கு. அவளுடைய வலது கைக்கு ஒன்பது.

பிறந்தபோது கூடவே வந்த கை, சிவகாசிக்குக் கிழக்கே ஒரு ஃபயர் ஆபீஸில், கல்லூரி விடுமுறைக்கு வேலைக்குப் போன இடத்தில் போய்விட்டது. ஃபயர் ஆபீஸ் என்றால் தீயணைக்கிற இடம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். அந்தப் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலைக்கு அதுதான் பெயர். கம்ப்யூட்டர் படிப்பின் மீதியைக் கனி இடது கையால் எழுதி முடித்தாள். பிறகு 'மறுகரம்' நிறுவனம் ஊருக்கு வந்தது. வெடியில் கை போனவர்களுக்கெல்லாம் ஒரு கை தந்தது. கனிக்குக் கையோடு வேலையும் தந்தது. கொடுத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். இந்தக் கதை அதைத்தான் செய்யப் போகிறது.

மறுகரம் சாதாரணக் கை அல்ல. தம்ளரை எடுக்க வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், அந்த நினைப்பு தோலுக்கு அடியில் வைத்த சில்லு வழியாக சர்வருக்குப் போகும். சர்வர் அதை விரல்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றித் திருப்பி அனுப்பும். இமைக்கும் நேரம் தாமதமானாலும் தம்ளர் தரையில் கிடக்கும். அதனால்தான் சர்வரைச் சென்னையில் வைக்காமல் ஊருக்குள்ளேயே, பழைய பிரஸ் கட்டடம் ஒன்றில் வைத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்வது கனியின் வேலை. கூடவே இன்னொரு வேலையும் இருந்தது. கைகளுக்குப் புதிதாக எது அனுப்பினாலும் முதலில் அவள் கைக்குத்தான் அனுப்பிப் பார்ப்பார்கள். குழம்பை முதலில் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பது போல. அவள் கைக்கு ஒத்துக்கொண்டால் பிறகு ஊருக்கு.

அன்று காலை சர்வர் அறையில் டீயை வாயில் வைப்பதற்குள் சந்தனமாரி போனில் கூப்பிட்டாள்.

"கனியக்கா, நம்ம கைய கம்பெனிக்காரக அங்கன இருந்துக்கிட்டே நிறுத்திப்புடலாமாமே, நெசமா?"

"யார் சொன்னா?"

"ஃபயர் ஆபீஸ் மேனேஜர்தான். கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு சிரிக்கிறாரு. 'செத்த நேரத்துல உங்க கையெல்லாம் தன்னால விட்டுப்புடும், எதுக்கு வெயில்ல காயுறீக, வீட்டுக்குப் போங்க'ங்கிறாரு."

சந்தனமாரிக்கு இரண்டு கையும் மறுகரம். போன வாரம் அதே ஃபயர் ஆபீஸின் மருந்து ரூம் வெடித்ததில் அவள் தங்கை பேச்சி போய்விட்டாள். மருந்து கலக்கிற அறைக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும், ஒன்றில் தீப்பிடித்தால் இன்னொன்றில் ஓடுவதற்கு. இந்த அறையின் பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஆட்கள் அடிக்கடி வெளியே போகிறார்களாம். கூரை பறந்துபோன பிறகும் அந்த அடைத்த சுவர் மட்டும் அப்படியே நின்றது. மதுரையிலிருந்து விசாரணை அதிகாரி இன்று மதியத்துக்கு மேல் வருகிறார். அவர் வருவதற்குள் சுவரை இடித்துத் தள்ளிவிட வேண்டும் என்று முதலாளி பொக்லைன் வரவழைத்திருந்தார். பொக்லைன் கேட்டுக்கு வெளியே நிற்கிறது. கேட்டை மறித்து, மறுகரம் மாட்டிய ஆண்களும் பெண்களும் கம்பியையும் அடுத்தவர் கையையும் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வெறும் பிடியில்லை, பூட்டுப் பிடி. கட்டை விரலை மடக்கி மணிக்கட்டை இரண்டு தரம் அழுத்தினால் மறுகரம் பூட்டிக்கொள்ளும். ஏணியில் நிற்கும்போது சார்ஜ் தீர்ந்தால் ஆள் விழுந்துவிடக் கூடாதே என்று வைத்த ஏற்பாடு. அதன் பிறகு சார்ஜ் தேவையில்லை, கரண்ட் தேவையில்லை, நாலு போலீஸ் இழுத்தாலும் பிரியாது. பூட்டைத் திறக்க இரண்டே வழி. கையை மாட்டியிருப்பவர் மனசு வைக்க வேண்டும். அல்லது சர்வரிலிருந்து 'ஓய்வு' என்ற கட்டளை வர வேண்டும்.

"ஏ மாரி, சர்வர்ங்கிறது ஒரு வீடுன்னு வையி," என்றாள் கனி. "அதுக்கு ஆயிரக்கணக்குல வாசல். ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். அதைத்தான் போர்ட்டுங்கிறது. நாங்க மூணைத்தான் திறந்து வச்சிருக்கோம். ஒண்ணுல நம்ம கைகளோட சேதி போய் வருது. இன்னொண்ணுல கைகளுக்குக் கட்டளை போகும். மூணாவது, நானும் சென்னைக்காரகளும் பராமரிப்புக்கு உள்ள போற வாசல்."

"கண்டவனும் உள்ள நுழைய மாட்டானா?"

"அதுக்குத்தான் ஃபயர்வால். வாட்ச்மேன் மாதிரி. நாம எழுதிக் குடுத்த விதிய மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சுப் பார்ப்பான். வர்றது யாரு, எங்க இருந்து, எந்த வாசலுக்கு. விதியில இருந்தா விடுவான். இல்லைன்னா மூஞ்சியக்கூட பார்க்க மாட்டான்."

"அந்தக் கட்டளை வாசல்ல யார விடுவான்?"

"இப்போதைக்கு இந்த ரூம்ல இருக்கிற இந்த மெஷினை மட்டும். அதாவது என்னைய."

 பின்னணியில் பொக்லைன் உறுமுவது கேட்டது. "அப்போ நீ சொன்னாத்தான் எங்க கை விடும். நீ சொல்லுவியாக்கா?"

கனிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "போடி கூறுகெட்டவளே. கேட்டைப் பிடி," என்று போனை வைத்தாள். ஆனால் மாரி கேட்டதில் தப்பில்லை என்றும் அவளுக்குத் தெரிந்தது. சம்பளம் வருகிற இடம் எதுவென்று எல்லோருக்கும்தான் தெரியும்.

அடுத்த அழைப்பு சென்னையிலிருந்து வந்தது. ரகுநந்தன், அவளுடைய மேலதிகாரி. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கனியின் கையெழுத்து நன்றாக வர வேண்டும் என்பதற்காக ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டவர். விமான நிலையத்தில் ஒரு பெண்ணின் மறுகரத்தைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள் என்று கோர்ட் வரைக்கும் போய், மறுகரம் சாமான் அல்ல, உடலுறுப்பு என்று தீர்ப்பு வாங்கியவரும் அவர்தான். அந்தத் தீர்ப்பைப் பித்தளையில் பொறித்து, ஊர் ஊராக ஒவ்வொரு சர்வர் அறையின் கதவுக்குப் பக்கத்திலும் அடித்து வைத்திருந்தார்.

"கனி, ஒரே ஒரு ரூல் சேர்க்கணும். கமாண்ட் போர்ட்டை சென்னை முகவரிக்குத் திறந்து விடுங்க. இங்கிருந்து ஓய்வுக் கட்டளை அனுப்பப் போறோம். அரை மணி நேரம்தான்."

"கேட்டுல நிக்கிறவங்க கைக்கா சார்?"

"கை எங்க இருக்குன்னு நம்ம சிஸ்டத்துக்குத் தெரியாதே. எல்லா கைக்கும்தான் போகும்."

"அந்த அரை மணி நேரத்துல யார் எதைப் பிடிச்சிக்கிட்டு இருப்பாங்கன்னு நினைச்சுப் பாத்தீங்களா? சுந்தரவேல் அண்ணாச்சி சலூன்ல ஒருத்தர் கழுத்துக்கிட்ட கத்தி வச்சிருப்பாரு. ரத்தினமணி மதினி பிள்ளையக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கும். ஒருத்தன் பனைமரத்து மேல இருப்பான்."

 "எஸ்எம்எஸ் அனுப்பிடுவோம், எச்சரிக்கையா," என்றார் ரகுநந்தன்.

"பனைமரத்துல இருக்கிறவன் எஸ்எம்எஸ் படிப்பானா சார்?"

"கனி, இது மேலிடத்து முடிவு. அந்த ஃபயர் ஆபீஸ் ஓனர்தான் பாதிக் கைகளுக்கு நன்கொடை குடுத்தவர். கை வாங்கும்போது எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க, பாதுகாப்புக் காரணத்துக்காக நிறுத்தலாம்னு. நீங்க ரூல் போடலைன்னா நான் இங்கிருந்தே உள்ள வந்து போட்டுடுவேன். உங்களுக்கு வேலைதான் போகும்."

கையைப் பறித்தவனே கையை நன்கொடையாகக் கொடுத்து, கொடுத்த கையை வேண்டும்போது நிறுத்தவும் செய்யலாமாம். இதற்குப் பெயர் பாதுகாப்பாம்! கனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நீங்களே போட்டுக்கோங்க சார்," என்று இணைப்பைத் துண்டித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவள் எழுத வேண்டியது அதிகமில்லை. கைகள் வந்து போகிற வாசல் திறந்திருக்கட்டும். கட்டளை வாசலுக்குள் யாரும் வரக் கூடாது. பராமரிப்பு வாசலுக்குள்ளும் யாரும் வரக் கூடாது, சென்னை உட்பட, தன் வீட்டு லேப்டாப் உட்பட. மற்ற எதற்கும் அனுமதி இல்லை. இனி இந்த சர்வரில் எதையாவது மாற்ற வேண்டுமானால் இந்த அறைக்குள் வந்து இந்த விசைப்பலகையைத் தொட வேண்டும். எழுதி முடித்து அமல்படுத்தினாள். திரையில் வழக்கமான கேள்வி வந்தது: மாற்றம் நிலைக்கட்டுமா?

அந்தக் கேள்விக்கு ஒரு கதை உண்டு. சில வருடங்களுக்கு முன் ரகுநந்தன் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, அந்நியர்கள் நுழையக் கூடாது என்று வாசல்களை ஒவ்வொன்றாக அடைத்தார். அடைத்த வேகத்தில் தான் நுழைகிற வாசலையும் அடைத்துக்கொண்டார். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினவர் பாடுதான். ஒரு எழுத்தைத் திருத்துவதற்காக பஸ் பிடித்து ஊருக்கு வந்து, இந்த நாற்காலியில் அசட்டுச் சிரிப்போடு உட்கார்ந்தார். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் வாழ்க்கையில் ஒரு தடவை செய்கிற கூத்து இது. அன்று முதல் ஒரு விதி வைத்தார். ஃபயர்வாலில் எதை மாற்றினாலும், கொஞ்ச நேரத்துக்குள் 'ஆம்' என்று உறுதி செய்யாவிட்டால், பழையபடி தானாகத் திரும்பிவிடும்.

கனி 'ஆம்' என்று அடிக்கக் கையைக் கொண்டுபோனாள். விரல்கள் திறந்துகொண்டன. கை செத்த மீன் போல விசைப்பலகை மேல் விழுந்தது.

ஒரு கணம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு உறைத்தது. சோதனை. எது அனுப்பினாலும் முதலில் அவள் கைக்குத்தான். ஆனால் வாசலைத்தான் அடைத்தாயிற்றே, எப்படி வந்தார்?

உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் கதவைச் சாத்தியிருக்கிறாள்! அவள் எழுதிக்கொண்டிருந்தபோதே ரகுநந்தன் பராமரிப்பு வாசலால் நுழைந்துவிட்டார். வாட்ச்மேன் புதிதாக வருகிறவர்களைத்தான் தடுப்பான். ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பவரை எழுந்து போ என்று சொல்ல மாட்டான். உள்ளே இருந்தபடியே ஓய்வுக் கட்டளையை அவள் கைக்கு அனுப்பிப் பார்த்துவிட்டார். சோதனை சரி என்று அவர் திரையில் இந்நேரம் பச்சை எரியும். அடுத்தது ஊருக்கு.

போன் அடித்தது. இடது கையால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஸாரி கனி. நடைமுறை, தெரியும்ல. ஒரு நிமிஷத்துல உங்க கை சரியாயிடும்."

"எங்கிட்ட கேக்காம என் கைய நிறுத்தினீங்க."

"ஒன்பது வருஷமா நாம இப்படித்தானே செய்றோம்?"

"ஒன்பது வருஷமா கேட்டுட்டுச் செஞ்சீங்க," என்றாள் கனி. இடது கை அதற்குள் உள்ளே இருப்பவர்களின் பட்டியலைத் திறந்திருந்தது. ஆயிரத்துச் சொச்சம் கைகள், நடுவில் ஒரே ஒரு சென்னை. எல்லா இணைப்பையும் ஒரேயடியாக அறுத்துவிட ஒரு வரி போதும். ஆனால் அறுத்தால் ஊரில் எல்லாக் கைகளும் ஒரு கணம் தடுமாறும். அதற்கு இவர் செய்வதே தேவலை. சென்னையை மட்டும் தனியாக அறுக்க வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக, பழைய கல்லூரிப் பெண் மாதிரி இடது கையால் தேடித் தேடி அடித்தாள். வலது கை பக்கத்தில் மல்லாந்து கிடந்தது.

"கனி, எல்லாருக்கும் அனுப்பப் போறேன், கடைசியா சொல்…"

சென்னை பட்டியலிலிருந்து மறைந்தது.

போனில் விசைகள் படபடவென்று தட்டும் சத்தம். பிறகு, "என்னை வெளிய தள்ளிட்டீங்களா?" அவர் குரலில் ஒரு தெளிவு வந்தது. "பரவாயில்ல. உறுதி செய்யலைன்னா தானா பழசுக்குத் திரும்பிடும். நான் போட்ட விதி. காத்திருக்கேன்."

கனி திரையைப் பார்த்தாள். மாற்றம் நிலைக்கட்டுமா? அடித்தால் வேலை போகும். கை பழுதானால் இனி யார் பார்ப்பார்கள் என்பதும் தெரியாது. திரும்பவும் ஒற்றைக் கையோடு கல்யாண வீட்டில் சாப்பாட்டுப் பந்தியில் உட்காரும் நாள் வரலாம். பயமாகத்தான் இருந்தது. பயமில்லை என்று சொன்னால் பொய். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன.

"சார், பேச்சிக்கு ஒரு வாசல அடைச்சு வச்சிருந்தாங்க. அவ ஓட முடியாம செத்தா. அந்தச் சுவரு அப்படியே நிக்கணும், அதிகாரி கண்ணால பார்க்கணும். அதுக்கு நான் ஒரு வாசல அடைக்கிறேன்."

'ஆம்' என்று அடித்தாள். அப்போதுதான் வலது கை விரல்கள் விழித்துக்கொண்டு மெதுவாக மடங்கின.

"கட்டடத்துக்கே கரண்டை நிறுத்தச் சொல்வேன் கனி."

"நிறுத்துங்க. ஊரெல்லாம் கை செத்துப் போகும். ஆனா பூட்டுப் பிடிக்குக் கரண்ட் வேண்டாம்னு நீங்கதானே செஞ்சீங்க? கேட்டுல பிடிச்சவங்க பிடிச்சபடியே நிப்பாங்க."

அவர் கரண்டை நிறுத்தவில்லை. அதுவரைக்கும் மனுஷர்தான். ஆனால் ஆட்களை அனுப்பாமல் இருக்க மாட்டார் என்று கனிக்குத் தெரியும். ஃபயர் ஆபீஸ்காரர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும், பத்துப் பேர் வண்டியில் ஏறியிருப்பார்கள். அவர்களில் ஒருவன் உள்ளே வந்து, ரகுநந்தன் போனில் சொல்லச் சொல்ல நாலு வரி அடித்தால் போதும். சர்வர் அறைக்கு இரும்பில் இரட்டைக் கதவு. சாவி நகல் கம்பெனி மேஜையில், ஊர்த் தொழிற்பேட்டை ஆபீஸில் என்று எங்கெங்கோ இருந்தது. சாவியை நம்பிப் பயனில்லை.

வெளியே வந்து கதவைச் சாத்தினாள். இரண்டு கைப்பிடிகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. வலது கையால் இரண்டையும் சேர்த்துப் பிடித்தாள். கட்டை விரலை மடக்கினாள். இடது கையால் மணிக்கட்டை இரண்டு தரம் அழுத்தினாள். உள்ளே பற்கள் கோத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

பிறகு முழங்கைக்குக் கீழே இருந்த வளையத்தைத் திருகி, கையைக் கழற்றினாள். தினமும் படுக்கப் போகும்போது கழற்றுவதுதான். இன்று மட்டும் கழற்றிய பிறகு இரண்டடி தள்ளி நின்று ஒரு தடவை பார்த்தாள். கல்யாணத்துக்குப் போடுகிற மருதாணி மாதிரி இருக்காது என்று சிரித்துக்கொண்டே ஒரு பெயிண்டர் பையன் வரைந்து கொடுத்த பூ, ஆள்காட்டி விரலில் இன்னும் மங்காமல் இருந்தது. வெறும் சட்டைக் கையை மடித்துச் செருகிக்கொண்டு, ஆட்டோ பிடித்துக் கேட்டுக்குப் போனாள்.

அங்கே வெயில் மண்டையைப் பிளந்தது. கேட்டின் கம்பிகள் நெடுகக் கைகள். பொக்லைன் டிரைவர் வண்டியை அணைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் இதில் இஷ்டமில்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

மாரி அவளைப் பார்த்துக் கண்ணை விரித்தாள். "யக்கா! கை எங்க?"

"வேலையா இருக்கு," என்றாள் கனி.

மாரிக்குப் புரியவில்லை. ஆனாலும் கேட்டில் பூட்டியிருந்த இரண்டு கைகளில் ஒன்றை விடுவித்து, கனியின் வெறும் சட்டைக் கையை முறுக்கிப் பிடித்துப் பூட்டிக்கொண்டாள். கனி இடது கையால் கம்பியைப் பிடித்தாள். சதைக் கை. சீக்கிரமே வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டாள்.

மேனேஜர் இரண்டு தரம் வந்து கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். இப்போது அவர் சிரிக்கவில்லை.

மதியம் சாயும் நேரத்தில் கனியின் போன் அடித்தது. மாரியின் பக்கத்தில் நின்றவர் அதை எடுத்துக் கனியின் காதில் வைத்தார். பெண் குரல். டவுன் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் ஜெயராணி.

"நீங்கதான் சண்முகக்கனியா? இங்க சர்வர் ரூம் வாசல்ல பெரிய ரகளை. ஃபயர் ஆபீஸ் ஆளுங்க கேஸ் கட்டரோட நிக்கிறாங்க. கதவை வெட்டணும், அதுக்கு முன்னாடி இந்தக் கையை வெட்டணும்ங்கிறாங்க. அனாமத்துச் சாமான்தானே, அனுமதி குடுங்கன்னு என்னைக் கேக்கிறாங்க."

"மேடம், கதவுக்குப் பக்கத்துல பித்தளைத் தகடு ஒண்ணு இருக்கும். அதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்க."

சத்தம் அடங்கியது. இன்ஸ்பெக்டர் படிப்பது கேட்டது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி. மறுகரம் சாமான் அல்ல. மாட்டியிருந்தாலும் கழற்றியிருந்தாலும் அது உரியவரின் உடலுறுப்பு. அதைச் சேதப்படுத்துவது அவரைக் காயப்படுத்துவதே ஆகும். இதைப் பெற்றுத் தந்தது மறுகரம் நிறுவனம்.

யாரோ ஒருவன், "அது விளம்பரத்துக்கு வச்சதும்மா," என்றான்.

"கோர்ட் தீர்ப்பு எப்படிய்யா விளம்பரமாகும்?" என்று இன்ஸ்பெக்டர் அவன் மேல் பாய்ந்தார். பிறகு போனுக்குத் திரும்பினார். அவருடைய குரலில் இப்போது ஒரு கவனம் இருந்தது, வாக்குமூலம் எழுதுகிற கவனம்.

"கேட்கிறதுக்குப் பதில் சொல்லுங்க. இந்தக் கதவைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறது யாரு?"

"நான்தான் மேடம்."

"விடுவீங்களா?"

"விட மாட்டேன்."

"சரி," என்றார் இன்ஸ்பெக்டர். அப்புறம் சற்றுத் தள்ளி, வேறு யாரிடமோ: "கேட்டீங்கல்ல? கட்டரைக் கீழ வைய்யா. ஒரு பொம்பளை கையை வெட்ட நான் சாட்சியா நிக்கணுமா?"

மதுரை வண்டி வந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. விசாரணை அதிகாரி இறங்கி, கேட்டையும் அதைப் பிடித்திருந்தவர்களையும் பார்த்துத் தயங்கினார். வழி விடுங்கள் என்று அவர் கேட்கவில்லை. மாரிதான் சொன்னாள்.

"உள்ள போங்கய்யா. மருந்து ரூமுக்குப் பின்பக்கம். செங்கல் வச்ச சுவரு. எந்தங்கச்சி அதுலதான் கையை வச்சுத் தட்டியிருக்கா, தடம் இருக்கு."

கேட் நெடுகப் பூட்டுகள் திறந்தன. யாரும் கட்டளை அனுப்பவில்லை. ஒவ்வொருவரும் தானே நினைத்தார்கள், தானே விட்டார்கள். பூட்டுப் பற்கள் விலகும் அந்தச் சின்னச் சத்தம் கேட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடியது.

அதிகாரி உள்ளே போய்ச் சுவருக்கு முன்னால் வெகு நேரம் நின்றார். மாரி அழுதாள். கனியும் அழுதாள். கண்ணைத் துடைக்க வலது கையைத் தூக்கினாள். வெறும் துணிதான் முகத்தில் பட்டது.

ஊரில் அந்த நேரத்துக்கு ஒரு கை மட்டும் திறக்காமல் இருந்தது. இருட்டிய பிறகு ரகுநந்தன் சென்னையிலிருந்து காரில் வந்து இறங்கி, பித்தளைத் தகட்டுக்குக் கீழே படியில் உட்கார்ந்து, அந்தக் கையின் சொந்தக்காரி வருவதற்காகக் காத்திருந்தார்.